தலைக்குப் பொருந்தும் கவசம்

தலைக்கவசம் வாங்கச் செல்பவர் பெரும்பாலும் முதலிற் பார்ப்பது அதன் நிறத்தை. அடுத்துக் கேட்பது அதன் விலையை. மோட்டார் சைக்கிளின் வண்ணத்துக்கு அஃது இசைகின்றதா, பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னம் அதில் உண்டா என்பனவும் ஆராயப்படுகின்றன. பின்னர் ஒருமுறை தலையில் வைத்து, கடையிலுள்ள கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, திருப்தியோடு பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அக்கவசம் தம் தலையின் அளவுக்கு உரியதுதானா என்ற வினா மட்டும் அவர் மனத்தில் எழுவதில்லை. செருப்பு வாங்கும்போது இரண்டு கால்களிலும் மாட்டி, நான்கு அடி நடந்து பார்த்து வாங்கும் அதே மனிதர், உயிரைக் காக்கும் பொருளை அரை நிமிடத்தில் தெரிவு செய்துவிடுகிறார்.

இதனால் விளையும் தீங்கு இருவகைப்படும். அளவிற் பெரிய கவசம் விபத்து நேரும் வேளையில் தலையை விட்டுக் கழன்று ஓடிவிடும். அளவிற் சிறிய கவசம் நெற்றியையும் கன்னப்பொறியையும் நோகச் செய்து, சில நாட்களில் வீட்டுச் சுவரின் ஆணியிலோ மோட்டார் சைக்கிளின் கைபிடியிலோ தொங்கத் தொடங்கிவிடும். முன்னது அணிந்தும் பயனற்றது. பின்னது அணியாமையாற் பயனற்றது. ஆதலின் தலைக்கவசத்தைப் பொறுத்தவரை வசதி என்பது சொகுசு அன்று. அது பாதுகாப்பின் ஒரு பகுதியே ஆகும்.

தலைக்கவசத்தின் பெருமையை உலகம் உணர்ந்துகொண்ட வரலாறு கேட்கத்தக்கது. முதல் உலக யுத்த காலத்தில் அராபியப் பாலைவனத்திற் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் என்பவர், மோட்டார் சைக்கிளில் அளவிறந்த பிரியம் உடையவர். 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, இங்கிலாந்தின் டோர்செற் மாவட்டத்தில், தம் இல்லத்துக்கு அண்மையிலுள்ள வீதியிற் சென்றுகொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையிற் பட்ட காயத்தினால் நினைவு திரும்பாமலே ஆறு நாட்கள் கிடந்து, 19ஆம் திகதி உயிர் துறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. போர்க்களங்களிலே தப்பிய உயிர் நாட்டுப்புற வீதியொன்றிலே பிரிந்தது.

லோறன்சைப் பார்வையிட அழைக்கப்பட்ட வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கேயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர். இத்தகைய மரணங்கள் தவிர்க்கத்தக்கனவா என்ற வினாவை அவர் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரித்தானியாவின் வீதிகளில் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றோருமாக 2279 பேர் மாண்டனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தலைக்கவசத்தோடு விபத்துக்குள்ளானோர் எழுவரையே அவர் காண முடிந்தது. அவ்வெழுவரும் உயிர் பிழைத்திருந்தனர். 1941ஆம் ஆண்டு பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் இவ்வாய்வு வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், கடமையிலுள்ள இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகள் யாவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அதன்பின் மரணத்தொகை குறைந்து வந்ததை 1946இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் அவர் காட்டினார். ஆயினும் பிரித்தானியாவில் இச்சட்டம் பொதுமக்கள் அனைவருக்கும் உரியதாக 1973ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இலங்கையில் ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் தலைக்கவசம் அணிதல் சட்டப்படி கட்டாயமாகும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான மதிப்பீடொன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதத்தாலும், தலைக்காயம் ஏற்படும் அபாயத்தை ஏறத்தாழ 69 சதவீதத்தாலும் குறைக்கின்றது என்று கூறுகிறது.

இனி, கவசம் தலையைக் காப்பது எவ்வாறு என்பதை நோக்குவோம். கடினமான வெளியோடுதான் காக்கின்றது என்பது பலருடைய எண்ணம். அது பாதி உண்மையே. சிதறு தேங்காய் கல்லில் மோதினால் நொறுங்குகின்றது. அதே தேங்காய் மரத்திலிருந்து மணலில் விழுந்தால் உடைவதில்லை. மணல் சிறிது இடங்கொடுத்து, வேகத்தைச் சற்று நேரம் எடுத்துத் தணிக்கின்றது. கவசத்தின் உள்ளே, மென்பஞ்சுக்கும் வெளியோட்டுக்கும் நடுவில் இருக்கும் வெண்ணிறமான திண்ணிய நுரைப்படை, இந்த மணலின் வேலையைச் செய்கின்றது. இலங்கையில் நாம் ரெஜிபோம் என்று சொல்லும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது அது. தலை மோதும்போது அது நசுங்குகின்றது. நசுங்குவதே அதன் தொழில். இத்தகைய உட்படையை அமைத்த ரொத், லொம்பார்ட் என்னும் அமெரிக்கர் இருவர் 1953இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒருவரின் தலை 1.6 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், நிலத்தை அடையும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஆகும். அந்த வேகம் 2 மில்லிமீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடின் தலை தாங்கும் விசையிலும், 2 சென்றிமீற்றர் தூரத்தில் நிற்பின் தாங்கும் விசை பத்தில் ஒரு பங்கே. மூளை மண்டையோட்டினுள்ளே நீர்மத்தில் மிதந்துகொண்டிருப்பது. மண்டையோடு சடுதியாக நின்றாலும் மூளை நிற்பதில்லை, உட்சுவரில் மோதுகின்றது. அந்த மோதலைத் தணிப்பதே நுரைப்படையின் நோக்கம். இக்கணக்கில் மோட்டார் சைக்கிளின் வேகத்தைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே இவ்வளவு வேகம் உண்டு. ஆகவே, “சந்திக் கடை வரைக்குந்தானே, மெதுவாகத்தானே போகிறேன்” என்ற சமாதானம் தலைக்கு ஏற்றதன்று.

நுரைப்படை தன் தொழிலைச் செய்ய வேண்டுமாயின், கவசம் தலையோடு சேர்ந்து இருத்தல் வேண்டும். தளர்வான கவசம் முதல் மோதலிலேயே திரும்பிவிடும். மோட்டார் சைக்கிளோட்டி உருளும்போது இரண்டாம், மூன்றாம் மோதல்களுக்குத் தலை வெறுமையாகிவிடும். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துக்களை நுணுகி ஆராய்ந்த ஆய்வொன்றில், ஏறத்தாழ 9 சதவீதமான தலைக்கவசங்கள், வார் சரிவரப் பூட்டப்படாமையாலோ கவசம் சிதைந்தமையாலோ, தலையை விட்டுக் கழன்றமை அறியப்பட்டது.

அளவைத் தெரிந்துகொள்ளும் முறை எளியது. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவே போதுமானது. புருவங்களுக்கு மேலே ஏறக்குறைய 2.5 சென்றிமீற்றர் விட்டு நெற்றியிற் தொடங்கி, காதுகளுக்கு மேலாகக் கொண்டுசென்று, பின்னந்தலையின் மிகப் புடைத்த பகுதியைச் சுற்றி, தொடங்கிய இடத்திற் சேர்த்தல் வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து, கிடைத்தவற்றுட் பெரிய எண்ணைக் கொள்ளலாம். பெரும்பாலும் 55, 56 சென்றிமீற்றர் சிறிய அளவென்றும், 57, 58 நடுத்தர அளவென்றும், 59, 60 பெரிய அளவென்றும் குறிக்கப்படும். எனினும் இக்குறிகள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடுவன. ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொரு நிறுவனத்தின் சிறியதாக இருத்தலும் கூடும். ஆகவே நாடா வழிகாட்டுமேயன்றி முடிவு சொல்லாது. முடிவு சொல்ல வேண்டியது தலையே.

அளவு ஒத்திருந்தும் கவசம் நோகச் செய்வது உண்டு. அதற்குக் காரணம் வடிவம். மேலிருந்து நோக்கினால் சிலருடைய தலை வட்டமாகவும், சிலருடையது முட்டை வடிவாகவும், சிலருடையது முன்பின்னாக நீண்டும் தோன்றும். நீண்ட தலையில் வட்டமான கவசத்தை வைத்தால் நெற்றியும் பின்னந்தலையும் அழுத்தப்படும்; இருபக்கமும் இடைவெளி தோன்றும். வட்டமான தலையில் நீண்ட கவசத்தை வைத்தால் கன்னப்பொறிகள் நோகும். முன்னும் பின்னும் இடைவெளி தோன்றும். இத்தகைய வேளையில் ஓர் அளவு பெரியதை வாங்குவதே பலர் செய்வது. அது பரிகாரமன்று. நோவு குறையும்; ஆயின் கவசம் ஆடத் தொடங்கும். வேறொரு நிறுவனத்தின் வேறொரு வடிவத்தைத் தேடுதலே தக்க வழி.

கடையிற் கவசத்தை அணிந்து பார்க்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. வார்கள் இரண்டையும் இரு கைகளாற் பிடித்து வெளிப்புறம் விரித்து, கவசத்தைத் தலையில் இறக்குதல் வேண்டும். புதிய கவசம் சற்றுச் சிரமத்தோடு இறங்குவதே நல்ல அறிகுறி. அதன் முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே, ஓரிரு விரல் அகலத்துக்குள் நிற்றல் வேண்டும். தொப்பியைப் போலப் பின்னந்தலைக்குச் சரித்து வைத்தால் நெற்றி காப்பின்றி நிற்கும். பின்பு கவசத்தை இரு கைகளாலும் பற்றி, தலையை அசைக்காமல் இடமும் வலமும் திருப்ப முயலுக. நெற்றித் தோலும் கன்னத் தோலும் கவசத்தோடு சேர்ந்து அசையுமாயின் பொருத்தம் நன்று. தோல் நிற்கக் கவசம் மட்டும் திரும்புமாயின் அது பெரியது. முழு முகக் கவசமாயின் கன்னங்கள் இருபுறமும் சமமாக அழுத்தப்படுதல் இயல்பு. உள்ளிருக்கும் மென்பஞ்சு நாளடைவில் அமர்ந்து சற்றுத் தளரும். ஆகையால் முதல் நாளிலேயே தளர்ச்சியாக இருப்பது பின்னர் தொளதொளத்துவிடும்.

அடுத்த சோதனை மிக முக்கியமானது. வாரைப் பூட்டியபின், பின்பக்க விளிம்பிற் கையைக் கொடுத்து மேலும் முன்னுமாகத் தள்ளிப் பார்த்தல் வேண்டும். கவசம் நெற்றியைத் தாண்டி உருண்டு கழலுமாயின், அது எவ்வளவு அழகியதாயினும், எவ்வளவு மலிவானதாயினும் விட்டுவிடத்தக்கது. இறுதியாக, கவசத்தைக் கழற்றாமல் பத்துப் பதினைந்து நிமிடமேனும் கடையிலேயே இருத்தல் நன்று. அரை நிமிடத்தில் உணரப்படாத நோவு கால் மணித்தியாலத்தில் வெளிப்படும். கழற்றியபின் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தழும்பு காணப்படின், அவ்வடிவம் அத்தலைக்கு உரியதன்று. சமமான அழுத்தம் நல்லது. ஓரிடத்து நோவு தீயது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே தெரிவின் சூட்சுமம்.

வாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வாரைப் பூட்டாத கவசம் பொலிசாருக்காக அணிந்த கவசமாகுமேயன்றித் தலைக்காக அணிந்ததாகாது. தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல்கள் செல்லும் அளவே இடம் இருக்கலாம். வாயை அகலத் திறந்தால் கவசம் கீழ்நோக்கி இழுபடுவதை உணர வேண்டும். இரட்டை வளையத்திற் கோத்து இழுக்கும் பூட்டு ஒவ்வொரு முறையும் இறுக்கத்தைச் சரிசெய்து கொள்கின்றது. சொடுக்கிப் பூட்டும் வகை இலகுவானது. ஆயின் வார் நாளடைவில் நெகிழும் இயல்புடையதாதலால் இடையிடையே அளவைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

முகம் திறந்த கவசமா, முகம் முழுவதையும் மூடும் கவசமா என்பது பலரும் கேட்கும் வினா. விபத்தில் தாடையிலும் முகத்திலும் அடிபடுதல் சாதாரணம். அதனைத் தடுப்பது முழு முகக் கவசமே. வெப்பத்தைக் காரணங்காட்டிப் பலர் அதனைத் தவிர்க்கின்றனர். காற்று உட்புகவும் வெளியேறவும் துவாரங்கள் அமைந்த கவசத்தைத் தெரிந்தால் இக்குறை பெரிதும் நீங்கும். கவசம் அணிந்தால் காது கேளாது, பக்கப் பார்வை மறையும் என்ற குறைகளும் சொல்லப்படுகின்றன. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 விபத்துக்களை அவை நேர்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981இல் வெளியிடப்பட்ட அறிக்கை, இக்குறைகளுக்கு ஆதாரம் இல்லை என்று கண்டது. ஐக்கிய நாடுகளின் 22ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி செய்யப்படும் கவசங்களில், நேர்முகத்திலிருந்து இருபுறமும் 105 பாகை வரை பார்வைக்கு இடம் விடப்படுதல் வேண்டும். ஆயின் கறுப்புச் சாயம் ஏற்றிய முகக்கண்ணாடி இரவில் ஆபத்தானது. கீறல் விழுந்த கண்ணாடி எதிர்வரும் வாகனத்தின் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதனோடேயே கவசத்தை அணிந்து பார்த்து வாங்குதல் வேண்டும்.

நிறத்தை நோக்குதல் முற்றிலும் வீணன்று. நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் நிகழ்த்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, கறுப்புக் கவசம் அணிந்தோரோடு ஒப்பிடுமிடத்து வெள்ளைக் கவசம் அணிந்தோருக்கு விபத்திற் காயமுறும் அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. வெண்ணிறம் ஏனைய சாரதிகளின் கண்ணிற் படுகின்றது. எம் நாட்டு வெயிலில் வெப்பத்தையும் குறைவாகவே ஏற்கின்றது. மோட்டார் சைக்கிளின் வண்ணத்துக்கு இசைவதிலும் பார்க்க, மற்றவர் கண்ணுக்குப் புலப்படுவதே நிறத்தின் பயன் என்று கொள்ளலாம்.

தரத்தை உறுதிசெய்வதற்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டு. வெளிநாட்டுக் கவசமாயின் ஐரோப்பிய முத்திரையோ இந்தியத் தர முத்திரையோ இருக்கலாம். பாரமான கவசமே பலமானது என்று எண்ணுதல் தவறு. பாரம் மிகுந்தால் கழுத்து நோகும். நீண்ட பிரயாணத்தில் களைப்பு விரைவில் வரும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராமுக்கு உட்பட்ட கவசங்களிலேயே தக்க காப்பைப் பெற முடியும்.

வீட்டிலே தலைவருக்கு ஒரு நல்ல கவசமும், ஏனையோருக்குக் கிடைத்த கவசமும் என்ற வழக்கம் கைவிடத்தக்கது. பின்னால் அமரும் மனைவியின் தலையும், நடுவில் அமரும் பிள்ளையின் தலையும் அதே வீதியிலேதான் செல்கின்றன. தகப்பனுடைய கவசத்துக்குள் துணியை அடைத்துப் பிள்ளைக்கு அணிவித்தல் கண்துடைப்பே ஆகும். பிள்ளையின் தலையை அளந்து, அவ்வளவுக்குரிய பாரமற்ற கவசத்தை வாங்குதல் வேண்டும். தலை வளர வளர அதை மாற்றவும் வேண்டும். பெண்கள் கொண்டையை உச்சியிலோ பின்னந்தலையிலோ வைத்து அதன்மேற் கவசத்தை அணிந்தால் அது நிலைகொள்ளாது. கூந்தலைக் கழுத்தோரமாகத் தாழப் பின்னிக் கொள்ளுதல் ஏற்றது.

வாங்கிய கவசத்தைப் பேணுதலும் பொருத்தத்தின் ஒரு பகுதியே. வியர்வையும் தலை எண்ணெயும் உள்மெத்தையைக் கெடுத்துத் துர்நாற்றத்தை உண்டாக்கும். கழற்றக்கூடிய மெத்தையாயின் மென்மையான சவர்க்காரத்தாற் கழுவி நிழலில் உலர்த்தலாம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி அணிவதும் உதவும். வெளியோட்டைப் பெற்றோலாலோ வர்ணம் கரைக்கும் திராவகத்தாலோ துடைத்தல் ஆகாது. சிலவகைப் பிளாஸ்ரிக் ஓடுகள் அவற்றால் உள்ளுக்குள்ளே பலமிழந்து போகும். மோட்டார் சைக்கிளின் பின்பார்வைக் கண்ணாடியிற் கவசத்தை மாட்டி வைத்தால் உள்ளிருக்கும் நுரைப்படையிற் பள்ளம் விழும். பலத்த மோதலுக்குள்ளான கவசம் வெளிப்பார்வைக்குப் பழுதற்றதாகத் தோன்றினும், நுரைப்படை ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழுவதில்லை. அதனை மாற்றிவிடுதல் வேண்டும். பிறர் பாவித்த கவசத்தை விலைக்கு வாங்குதல் தகாது என்பதற்கும் இதுவே காரணம். அது முன்னர் விழுந்ததா இல்லையா என்பதை எவரும் பார்த்துச் சொல்ல இயலாது. விபத்து நேராவிடினும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதை வாங்குமாறு பொதுவாக ஆலோசனை கூறப்படுகின்றது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதை அறியாதவர் நம்மவருள் இல்லை. கால் முறிந்தால் கட்டுப்போட்டு மீண்டும் நடக்கலாம். பல் உடைந்தால் வேறு பல் கட்டலாம். மூளைக்கு நேர்ந்த சேதம் அவ்வாறு திருந்துவதன்று. உயிர் பிழைத்தாலும் பேச்சிழந்து, நினைவிழந்து, பெற்ற பிள்ளையை அடையாளம் காணாது கிடப்போரைப் பேணும் குடும்பங்களின் துயரம் சொல்லுந் தரமன்று. அத்தகைய துயரத்துக்கு எதிராக நிற்பது நான்கு விரற்கடைக்கும் குறைந்த தடிப்புள்ள ஒரு படையே. அது தலையோடு பொருந்தி நின்றால்தான் காக்கும். நாடாவால் அளந்து, வடிவத்தைத் தெரிந்து, கால் மணித்தியாலம் அணிந்து பார்த்து, ஒவ்வொரு முறையும் வாரைப் பூட்டிச் செல்வோர், கவசத்துக்குக் கொடுத்த விலையின் முழுப் பயனையும் பெற்றவராவர்.